தலைவருக்கு நான் பேசிய தமிழ்

ஒன்றரை வருஷம் நான் ஒரு தலைவருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, கன்னடத்தில் பேசுவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். கோலார் தங்க வயலில் அவர் வளர்ந்ததில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் இருந்தது. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் டீக்குச் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

மைக் என் பிழைப்பு இல்லை. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். செய்து வந்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று குறி போடுகிற வேலை. ஆனால் வாலிபத்திலிருந்தே ஊரில் என்னை மைக்காரன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரில் கால்பந்து ஆட்டம் என்றால் வர்ணனை மூன்று மொழியில் நடக்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் பந்தைத் தூக்கி, இங்கிலீஷில் கோல் போடுவோம். அதில் நான் கெட்டிக்காரன். பிறகு கல்யாண வீடுகளிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண் எங்கள் பக்கம், மாப்பிள்ளை கோலார் பக்கம் என்றால் நடுவில் ஒருவன் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா கன்னடத்தில், "சாம்பாரில் உப்பு இல்லை, இவர்களுக்கு எல்லாம் ஒரு சம்பந்தம் கேடா" என்று கத்துவார். நான் பெண் வீட்டாரிடம், "பெரியவர் கொஞ்சம் உப்பு கேக்குறாரு" என்பேன். உப்பு வரும், கல்யாணம் நடக்கும். இந்த ஊரில் மூன்று மொழி தெரிந்தவனுக்கு முதல் வேலை அடிதடி வராமல் பார்த்துக்கொள்வது. நான் அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

தங்கச் சுரங்கம் மூடியபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு ஊர் மொத்தமும் காலை ரயிலில் ஏறியது. பெங்களூரில் வேலை, இங்கே தூக்கம். அதையும் ஒரு வாழ்க்கை என்று பழகிக்கொண்டோம். கொரோனா வந்து ரயில் நின்றது. ரயில் நின்றதும் ஊரே நின்றது. தையல் கம்பெனிக்குப் போனவர்கள், காவல் வேலைக்குப் போனவர்கள், ஆபீஸ் கட்டடங்களைத் துடைக்கப் போனவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்தார்கள். ரயில் திரும்ப ஓட ஆரம்பித்தபோது பாதிப் பேருக்கு வேலை இல்லை. தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைக்கு மரியாதை எவ்வளவு என்று உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பத்துப் பதினைந்து பேருக்குச் சூப்பர்வைசர். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகள். எதிர்வீட்டுப் பெண்ணின் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளை நாங்கள் லைன் என்போம். அந்த லைன் வீட்டில்தான் அவள் வளர்ந்தாள், அங்கேதான் இன்றும் இருக்கிறாள். சுரங்கம் மூடினாலும் வீடு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. ஆனால் எவன் கையிலும் பத்திரம் கிடையாது. பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டினோம், குழாய் போட்டோம், கல்யாணம் கருமாதி எல்லாம் அங்கேயே செய்தோம். என்றாவது ஒருநாள் காலி பண்ணு என்று சொல்வார்களோ என்ற பயம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரு ஓரமாக இருந்தது. அவளுக்கு அது அதிகம், ஏனென்றால் அந்த வீட்டைவிட்டால் அவளுக்கும் மகளுக்கும் வேறு நாதி இல்லை.

தலைவர் பேத்தமங்கலாப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்போது அவர் தலைவர் இல்லை, தண்ணீர் டேங்கர் வைத்திருந்தவர். ரயில் நின்ற மாதங்களில் லைன்களுக்கு இலவசமாகத் தண்ணீர் அனுப்பினார். ஒவ்வொரு டேங்கரிலும் ஒரு தேசியக் கொடி. குழாயைத் திறப்பதற்கு முன்னால் டேங்கரில் வந்த பையன்கள் கோஷம் போடச் சொல்வார்கள். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேசம் வாழ்க என்று கத்துவார்கள், அப்புறம் தண்ணீர் வரும். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. தேசம் வாழ்ந்தால் நமக்கென்ன நஷ்டம், தண்ணீர் வருகிறதே என்றுதான் நானும் நினைத்தேன்.

தண்ணீர் கொடுத்தவர் அரிசி கொடுத்தார். அரிசி கொடுத்தவர் மேடை போட்டார். பெரிய கட்சிக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள் ஒளிந்திருந்தபோது இவர் ஒருவர்தான் தெருவில் நின்றார். அந்த உண்மையை மறைக்க முடியாது. ஒருநாள் அவருடைய ஆள் என் வீட்டுக்கு வந்து, "அண்ணன் கூப்பிட்டாரு, தமிழ்ல சொல்றதுக்கு நல்ல குரல் வேணுமாம்" என்றான். என்னை சார் என்று கூப்பிட்டான். கான்ட்ராக்ட் போன பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் கூட்டம் எங்கள் லைனுக்கு அருகே இருந்த மைதானத்தில், ஒரு சாயங்காலம். அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். நாடு, விவசாயி, வேலை, வெளிநாட்டுச் சாமான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். திடீரென்று குரலை உயர்த்தி இப்படிச் சொன்னார்: "வெள்ளைக்காரன் நம்முடைய தங்கத்தைத் தின்றான். அவன் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவனுடைய எச்சிலைத் தின்றார்கள். அவன் போய்விட்டான். இவர்கள் இன்னும் போகவில்லை."

கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்றால் நாங்கள். சுரங்க வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள், என் கொள்ளுத்தாத்தா. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கை தன்னாலே மைக்கை வாய்க்குக் கொண்டு வந்தது. நான் சொன்னேன்: "வெள்ளைக்காரன் நம்ம தங்கத்தைக் கொண்டு போனான்! கீழே இறங்கினவங்க உயிரைக் கொடுத்தாங்க! அவன் போயிட்டான், நாம இன்னும் இங்கதான் இருக்கோம்!"

மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு பென்ஷன்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். தலைவருக்கே ஆச்சரியம். அந்த வரிக்குத் தமிழர்கள் கல்லெறிவார்கள் என்று அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும், ஓரமாகப் போலீஸ்கூட நின்றது. இறங்கி வரும்போது என் தோளைத் தட்டி, "பஹள சென்னாகித்து" என்றார், ரொம்ப நன்றாக இருந்தது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். மறைத்ததைச் சொல்ல அதுதான் சமயம். நான் சிரித்தேன்.

அதற்கப்புறம் அந்த வரி இல்லாத கூட்டமே இல்லை. எங்கள் ஜனங்கள் அதற்குத்தான் அதிகம் தட்டினார்கள் என்பதால் அவர் அதை இன்னும் நீட்டினார், இன்னும் காரம் போட்டார். வந்தவன் யார், இருந்தவன் யார் என்று கணக்கெடுக்கும் நாள் வரும் என்றார். நான், உழைத்தவன் யார், ஏய்த்தவன் யார் என்று கணக்கெடுக்கும் நாள் வரும் என்றேன். அவர் காரம் கூட்டக் கூட்ட நான் வெல்லம் போட்டேன். சில சமயம் என் தமிழ் அவருடைய கன்னடத்தைவிட நன்றாக இருந்தது என்று எனக்கே தோன்றும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் கறிக்குழம்பு வைத்தால் எனக்கு முதலில் போட ஆரம்பித்தார்கள்.

ஊரே கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நம்பியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வடிய வைத்தவன் நான் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. இது மேடைப் பேச்சுத்தானே, காரியம் என்று வரும்போது எல்லாம் சரியாகிவிடும், கல்யாண வீட்டில் சரியாகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்தல் வந்தது. அவர் ஜெயித்தார். எங்கள் லைன்களில் அவருக்கு விழுந்த ஓட்டைப் பார்த்து மற்றக் கட்சிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ஜெயித்த கையோடு லைன் வீடுகளுக்குப் பத்திரம் கொடுப்பதாக அறிவித்தார். அன்றைக்கு எதிர்வீட்டுப் பெண் பால்கோவா கிண்டி எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்களாலதாண்ணா. நீங்க பக்கத்துல நின்னதாலதான் நம்ம ஜனங்கள கவனிக்கிறாரு" என்றாள். நான் இரண்டு கரண்டி வாங்கித் தின்றேன்.

பத்திரத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். தலைவரின் ஆட்கள் வீடு வீடாகப் போய் நிரப்புவார்கள், அதைத் தாலுகா ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். பாரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை. அதற்குக் கீழே, குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது.

அந்தக் கட்டத்தில் என் பேனா நின்றது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். நாலு தலைமுறையாக இங்கே பிறந்து இங்கேயே செத்தாலும், சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒருவன்கூடத் தங்க வயல் என்று சொல்ல மாட்டான். கொள்ளுத்தாத்தா விட்டுவிட்டு வந்த ஊரைத்தான் சொல்வான். ஆம்பூர் பக்கம், குடியாத்தம் பக்கம், திருப்பத்தூர் பக்கம். அந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான், எந்த பஸ் போகும் என்றும் தெரியாது. ஆனால் சம்பந்தம் பேசும்போது முதல் கேள்வி அதுதான். சொல்லத் தெரியாதவனை அநாதை மாதிரி பார்ப்பார்கள். என் மகள் கல்யாணத்தில் நானும் ஆம்பூர் பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன்தான்.

தலைவரிடமே கேட்டேன். "இந்தக் கட்டம் எதுக்கு?" அவர் ஒளிக்கவில்லை. இருந்தவர்கள் பட்டியல் தனி, வந்தவர்கள் பட்டியல் தனி, பத்திரம் முதல் பட்டியலுக்குத்தான் என்றார். நான் முழித்ததைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "மேடையில சொன்னதத்தானே செய்யறேன்? முதல் கூட்டத்துலேருந்து சொல்றேன். உங்க ஜனங்கதானே எல்லாரையும்விட அதிகமா கைதட்டினாங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை, பொய் முழுக்க என்னுடையது.

அன்றைக்கே என் பாரத்தைத் தலைவரின் ஆபீஸிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற இடத்தில் கோலார் தங்க வயல் என்று எழுதினேன். ஆபீஸ் பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டி லைன் லைனாகப் போனேன். "வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எதையும் மறைக்காம சொல்லுங்க, பத்திரம் உங்க கைக்கு வரும்" என்று அறிவித்தேன். தலைவரின் ஆள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று கொஞ்ச நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவன் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்திலும் நான் அதையேதான் சொன்னேன். எனக்குப் பயம். ஒன்றரை வருஷமாகச் சொன்னது பொய் என்று அந்த ஜனங்களிடம் என் வாயால் சொல்ல எனக்கு முகம் இல்லை.

எங்கள் லைனுக்குப் பாரக்காரர்கள் வந்தபோது என்னையும் கூட வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். வீட்டைப் பெருக்கி, நல்ல சேலை கட்டி, எல்லோருக்கும் டீ போட்டாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். எழுதுகிறவன், குடும்பம் எந்த ஊர் என்று கேட்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம், அந்தப் பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"நாங்க குடியாத்தம் பக்கம்" என்றாள். கிராமத்தின் பெயரைச் சொன்னாள். குலதெய்வக் கோயில் அங்கே ஏரிக்கரையில் இருப்பதையும் சொன்னாள். "இன்னும் ஒரு தபா கூடப் போனதில்ல. பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிகினு போவணும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவன் எழுதிக்கொண்டான். நான் அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். இங்கேதானே பிறந்தே, அதைச் சொல்லும்மா என்று சொன்னால் முடிந்தது. நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பட்டியலையும் ஒட்டினார்கள். முதல் பட்டியலில் எங்கள் லைனிலிருந்து சில வீடுகள்தான், அதில் என் வீடு ஒன்று. மற்றதெல்லாம் இரண்டாவதில். பிறகு நோட்டீஸ் வந்தது. இவர்கள் தற்காலிகமாகக் குடியிருப்பவர்கள், பத்திரம் கிடையாது, ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வந்து ஆதாரம் காட்ட வேண்டும். லைனில் ஒப்பாரி எதுவும் இல்லை. ஆளுக்கொரு பையில் காகிதங்களைத் தேட ஆரம்பித்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. தலைவர் நல்லவர், ஆபீஸ்காரன்தான் குளறுபடி பண்ணிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிட வந்தவனிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணைக்கு முந்தின நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். "அண்ணா, நீங்க கூட வந்து பேசினா கேப்பாங்க. வர்றீங்களா?" என்றாள். எப்படி மாட்டேன் என்பது? போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. அவள் தன் பையிலிருந்து அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வைத்தாள், சுரங்க ஆஸ்பத்திரியில் பிறந்ததற்கான சீட்டையும் வைத்தாள். அதிகாரி அவற்றைப் பார்க்காமல் பாரத்தை எடுத்து, குடியாத்தம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "அதாவதும்மா, சார் இன்னா கேக்குறாருன்னா..."

அவள் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினாள். அப்புறம் கன்னடத்தில் பேசினாள். தடுமாற்றமே இல்லாத, சுத்தமான பெங்களூர் ஆபீஸ் கன்னடம். அது என் கொள்ளுத்தாத்தாவின் ஊர், நான் இந்த ஊரில் பிறந்தேன், என் அப்பா இந்த மண்ணுக்குக் கீழே வேலை செய்து நெஞ்சு கெட்டுச் செத்தார், என் மகளும் இங்கேதான் பிறந்தாள், இதில் எதை நான் மறைத்தேன் என்று கேட்டாள். அதிகாரி குனிந்து ஏதோ எழுதினார். முடிவைத் தபாலில் தெரிவிப்போம் என்றார். அந்தத் தபால் இன்னும் வரவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். "உனக்கு இவ்ளோ நல்லாக் கன்னடம் வருமா?" என்று கேட்டேன்.

"இன்னாண்ணா கேக்குறீங்க? பதினாறு வருஷமா பெங்களூர்ல வேலை செய்றேன். எனக்கு மட்டுமா, நம்ம லைன்ல யாருக்குத்தான் வராது?"

"அப்போ கூட்டத்துல அவர் பேசினது..."

"புரிஞ்சுது. எச்சில் தின்னவங்கன்னு சொன்னாரே, அதுவும் புரிஞ்சுது. எல்லாருக்கும் புரிஞ்சுது. அப்புறம் உங்களப் பாத்தோம். நீங்க பயப்படாம சிரிச்சிகினு வேற ஒண்ணு சொன்னீங்க. நம்ம அண்ணன் அந்தாளு கூடவே கார்ல போறவரு, அவருக்குத் தெரியாதது இல்ல, ஆபத்துன்னா அண்ணன் அங்க நிப்பாரா, அந்தாளு மேடைக்காக ஏதோ கத்துறாருன்னு நெனச்சிகினோம். உங்களுக்காகத்தான் கைதட்டினோம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்களை ஏமாற்றினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி ஏமாற்றியதையாவது என் கெட்டிக்காரத்தனம் என்று வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. அவர்கள் என் தமிழை நம்பவில்லை. என்னை நம்பியிருக்கிறார்கள்.

அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "உங்க பேரு மொதல் பட்டியல்ல இருந்துச்சே. பாரத்துல எந்த ஊருன்னு எழுதினீங்கண்ணா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இந்த ஒரு தடவை சொல்லவில்லை. "தங்க வயல்னு எழுதினேன்" என்றேன். "நாங்க ஆம்பூர் பக்கம். தெரிஞ்சுதான் எழுதினேன்."

திட்டுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"போவட்டும்ணா. நம்ம லைன்ல உங்க வீடாவது தப்பிச்சுதே" என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. மனதாரச் சொல்லிவிட்டு, அரை நாள் சம்பளமாவது கிடைக்கும் என்று ரயிலைப் பிடிக்க நடந்தாள்.